கச்சான் காற்றும் ஒரு ரஷ்ய அணியும்

2022 பிப்ரவரி 25. ஐக்கிய அரபு அமீரகச் சுற்றுப்பந்தயத்தின் ஆறாவது நாள். துபாய் எக்ஸ்போ வளாகத்தில் முடியும் தட்டையான சாலை. இப்படிப்பட்ட சாலையில் முன்கூட்டிப் பிரிந்து ஓடுகிறவர்களைக் கடைசிச் சில கிலோமீட்டரில் பின்னால் வரும் பெருங்கூட்டம் விழுங்கிவிடும். அன்று கூட்டத்தின் கணக்குத் தப்பியது. மத்தியாஸ் வாசெக் என்ற 19 வயதுச் செக் பையன் முதலில் வந்தான். அதே அணியின் திமித்ரி ஸ்த்ராகோவ் மூன்றாவதாக வந்தார். உலகின் முதல் அடுக்கு அணிகள் அணிவகுத்த பந்தயத்தில் இரண்டாம் அடுக்கு அணி ஒன்று முதல் மூன்று இடங்களில் இரண்டைப் பிடித்தது. அந்த ரஷ்ய அணியின் பெயர் காஸ்ப்ரோம்-ருஸ்வெலோ.

முந்தைய நாள்தான் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்திருந்தன. மார்ச் 1ஆம் தேதி சர்வதேச சைக்கிளோட்டச் சம்மேளனமான யூசிஐ, ரஷ்ய, பெலாரஸ் அணிகளின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. வெற்றிக்கோட்டைத் தாண்டிய நான்காம் நாள் வாசெக்குக்கு அணி இல்லை. கூட ஓடிய இத்தாலியர்களுக்கும் செக் வீரர்களுக்கும் இல்லை. போரைத் தொடங்கிய நாட்டின் அரசு நிறுவனப் பணத்தில் ஓடும் அணிக்கு அந்தத் தண்டனை நியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் விளையாட்டைப் பின்தொடர்கிறவனுக்கு அதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பத்தாண்டு உழைத்துக் கட்டிய ஏணி ஒரே அறிக்கையில் சரிந்தது எப்படி? தூத்துக்குடியில் உட்கார்ந்து இதை எழுதக் காரணம், அந்த மாதிரி ஏணி ஒன்று நமக்கு இன்றுவரை இல்லை என்பதுதான்.

ஏணியின் படிகளைப் பார்ப்போம். தொழில்முறைச் சாலை சைக்கிளோட்டத்தில் மூன்று அடுக்குகள். மேலே வேர்ல்ட் டீம். நடுவில் புரோ டீம். கீழே கான்டினென்டல் அணிகள். 2009இல் ரஷ்யர்கள் கத்யூஷா என்ற அணியை முதல் அடுக்கில் இறக்கினார்கள். இளைஞர்களுக்காகக் கீழ் அடுக்கில் ஐடெரா-கத்யூஷா ஓடியது. 2012இல் நடுப்படியாக ருஸ்வெலோ வந்தது. 2016இல் அரசு எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமின் பெயர் அதோடு சேர்ந்தது. பையன் கீழே சேர்வான், நடுவில் தேறுவான், மேலே போவான் என்பது ஏற்பாடு.

ஏற்பாடு பலித்தது. இல்நூர் சகாரின் இந்த மூன்று படிகளையும் ஏறியவர். 2015இல் ஜிரோ டி இத்தாலியாவில் இமோலா நகரில் முடிந்த கட்டத்தை வென்றார். 2016இல் டூர் டி பிரான்ஸில் ஒரு மலைக்கட்டம். 2017இல் ஸ்பெயினின் வுயெல்டாவில் ஒட்டுமொத்தத்தில் மூன்றாமிடம். அலெக்சாந்தர் ஃபோலிஃபோரோவ், காஸ்ப்ரோம்-ருஸ்வெலோவுக்கு ஜிரோவில் அழைப்புச் சீட்டு கிடைத்த 2016இல், ஆல்பே டி சியூசி மலையில் 10.8 கி.மீ. ஏற்றத்தில் தனியாளாக ஓடும் நேரப் பந்தயத்தை வென்றார். தோற்றவர் அப்போது ஒட்டுமொத்தத்தில் முதலிடத்தில் இருந்த ஸ்டீவன் கிரைஸ்வைக். இருவருக்கும் இடைவெளி ஒரு வினாடிகூட இல்லை. அலெக்சாந்தர் விளாசோவ் 2018இல் 23 வயதுக்குட்பட்டோர் ஜிரோவை வென்றார். அவர் தொழில்முறையில் காலடி வைத்ததும் இதே அணியில்தான்.

வளர்ப்பு அணி ஒரு பையனுக்குக் கொடுப்பது என்ன? சம்பளமும் நல்ல சைக்கிளும் ஒரு பங்கு. பெரும்பங்கு, பந்தய நாட்கள். கால் பலத்தை வீட்டில் தனியாக மிதித்தும் வளர்க்கலாம். சாலைப் பந்தயத்தின் மூளை நூறு பேர் நடுவில் ஓடினால்தான் வளரும். காரணம் காற்று. முன்னால் போகிறவர் காற்றை உடைத்தால், ஒட்டிப் பின்னால் வருகிறவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். ஐந்து மணி நேரம் ஓடும் பந்தயத்தில் அந்த மிச்சம்தான் கடைசி ஐந்து கிலோமீட்டருக்கான முதலீடு.

இதை நம் ஊர்க்காரருக்கு வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஆடி மாதம் முள்ளக்காடு, பழையகாயல் வழியாகத் திருச்செந்தூர் சாலையில் சைக்கிள் மிதித்தவருக்குத் தெரியும். கச்சான் மேற்கிலிருந்து அறைகிறது. சாலை தெற்கே போகிறது. உப்பளங்களில் காற்றைத் தடுக்க ஒரு மரம் கிடையாது. வலது தோளில் விழும் அந்தக் காற்றுக்கு ஒருவர் பின்னால் ஒருவராகப் போனால் மறைவு கிடைக்காது. முன்னவருக்குச் சற்று இடப்புறம் ஒதுங்கி, மூலைவாட்டில் வரிசை கட்ட வேண்டும். சாலையின் அகலம் எத்தனை பேரைத் தாங்குமோ அத்தனை பேருக்குத்தான் மறைவு. அடுத்தவர் இடது ஓரத்தில், மண்ணை ஒட்டி, முழுக்காற்றையும் தானே வாங்க வேண்டும். பத்து நிமிடத்தில் அவர் கழன்றுவிடுவார். ஐரோப்பியப் பந்தயங்கள் பல மலையேறும் முன்பே இப்படிப் பக்கக்காற்றில் முடிந்துவிடுகின்றன. வளைவுக்கு முன் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று கணித்து, முதல் பதினைந்து பேருக்குள் நுழைந்துவிடுவதை எந்தப் பயிற்சியாளரும் கரும்பலகையில் சொல்லித்தர முடியாது. ஐம்பது பந்தயத்தில் கழன்றவனுக்கு ஐம்பத்தொன்றாவதில் அது வரும். அந்த ஐம்பது தோல்விக்கும் செலவு செய்யப் பொறுமையுள்ள இடத்துக்குப் பெயர்தான் வளர்ப்பு அணி.

ரஷ்ய ஏணியில் பொறுமை இருந்தது. பழுது வேறு இரண்டு இடங்களில். முதலாவது ஊக்கமருந்து. சகாரினே இளவயதில் இரண்டாண்டுத் தடை அனுபவித்தவர். அந்தப் பழைய தடையால்தான் 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் அவரைச் சேர்க்கவில்லை. ருஸ்வெலோவின் வலேரி கைகோவ் 2013இல், சந்தைக்கே வராத சோதனை மருந்து ஒன்றில் மாட்டினார். வளர்ப்பு அணியில் இது இரட்டிப்புப் பாவம். அங்கே பையன் கற்கும் முதல் பழக்கம் ஆயுள் முழுக்கக் கூட வரும்.

இரண்டாவது, ஒற்றைத் தூண். அணியின் பணம், உரிமம், பெயர் எல்லாம் ஒரே இடத்தில் கட்டுண்டிருந்தன. அந்த இடத்தில் இடி விழுந்தபோது தாங்க வேறு கால் இல்லை. சைக்கிள் கொடுத்த பிரெஞ்சு நிறுவனமான லுக்கும் விலகிக்கொண்டது. தப்பியவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் விளங்கும். விளாசோவ் அதற்குள் வெளிநாட்டு அணிகளுக்குப் போயிருந்தார். தனிநபராக ஓடத் தடையில்லாததால் அதே 2022இல் ரோமண்டி சுற்றுப்பந்தயத்தை வென்றார், டூர் டி பிரான்ஸில் ஐந்தாவதாக வந்தார். வாசெக்கை ஆண்டு நடுவில் டிரெக் அணி எடுத்துக்கொண்டது. நடுத்தெருவில் நின்ற இத்தாலியர்களுக்கு அவர்கள் நாட்டுச் சம்மேளனம் தேசிய அணியின் சட்டையைக் கொடுத்துப் பந்தயங்களில் இறக்கியது. அவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ஸ்கரோனி அந்தச் சட்டையில் வென்று, அஸ்தானா அணியில் இடம்பிடித்து, 2025 ஜிரோவின் 16ஆம் கட்டத்தில் கூட்டாளி லொரென்சோ ஃபோர்த்துனாத்தோவின் கையைப் பிடித்தபடி முதலாவதாகக் கோட்டைத் தாண்டினார். ஓட இன்னொரு மேடை கிடைத்தவன் பிழைத்தான். வேறு போக்கிடம் இல்லாத ரஷ்ய இளைஞனுக்குத்தான் ஏணியோடு சேர்ந்து வழியும் போனது.

இப்போது நம் பக்கம் திரும்புவோம். இந்தியாவில் வளர்ப்புத் திட்டம் பலிக்காது என்று யாரும் சொல்ல முடியாது. 2010 காமன்வெல்த் போட்டிக்காக டெல்லியில் கட்டிய வெலோட்ரோமை, அதாவது உள்ளரங்கச் சைக்கிள் தடத்தை, வைத்துக்கொண்டு இளைஞர்களை வருடக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கவைத்துப் பயிற்றுவித்தார்கள். அந்தமான் பையன் எசோவ் ஆல்பன் 2018இல் உலக ஜூனியர் கெய்ரின் பந்தயத்தில் வெள்ளி வென்றார். மறு ஆண்டு ஜெர்மனியில் ஜூனியர் டீம் ஸ்பிரின்ட் தங்கமே இந்தியாவுக்கு வந்தது. தீவிலிருந்து வந்த பையனால் முடிந்தது கடற்கரைப் பையனால் முடியாதா?

ஆனால் அது உள்ளரங்கத் தடத்தில் ஓடும் டிராக் பந்தயம். ஒரு கூரை, ஒரு விடுதி, ஒரு பயிற்சியாளர் இருந்தால் நடந்துவிடும். சாலைக்குக் கூரை போதாது, பந்தய நாட்காட்டி வேண்டும். நம் நாட்டின் சிறந்த சாலை ஓட்டக்காரர்களில் ஒருவரான நவீன் ஜான் இந்தக் கலையைக் கற்றது அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்தபோது. 2026 ஜனவரியில் புனேயில் 437 கி.மீ. கொண்ட யூசிஐ 2.2 தரச் சுற்றுப்பந்தயம் நடந்தது பெரிய முன்னேற்றம். ஆயினும் வருடத்தில் ஒரு வாரம் வெளிநாட்டுக் கூட்டத்தின் வாலில் தொங்குவது பாடத்தின் முதல் பக்கம் மட்டுமே. அடுத்த பக்கங்களை மாநிலங்கள் எழுத வேண்டும்.

காத்திருந்தால் போதாது, வளர்க்க வேண்டும் என்ற பாடம் இந்தக் கரைக்குப் பழையது. முத்து கடலில் தானாக விளையும் என்று காத்திருந்த ஊர் இது. தொள்ளாயிரம் பார் போன்ற சிப்பிப் பார்கள் விளைந்த வருடம் திருவிழா, விளையாத வருடங்கள் வறட்சி. 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பே நின்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே தூத்துக்குடிக் கடலில் சிப்பிக்குள் கரு வைத்து முத்தை வளர்த்துக் காட்டினார்கள். சைக்கிள் ஓட்டத்தில் நாம் இன்னும் பார் விளையுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிளஸ் 1 சேரும் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் கொடுக்கும் மாநிலத்தில் ஓட்டத் தெரிந்த கால்களுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கால்களைத் தேடி எடுத்து, காற்றுக்குள் விட்டு வளர்ப்பதுதான் பாக்கி.

என் கோரிக்கை சிறியது. ஆனி முதல் ஆவணி வரை, கச்சான் வீசும் மூன்று மாதமும், மாதத்தில் ஒரு ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டு மணிவரை திருச்செந்தூர் சாலையில் ஒரு பகுதியைப் போலீஸ் துணையோடு மூடிக்கொடுங்கள். மாவட்ட நிர்வாகம், துறைமுகம், உப்பு வணிகர்கள், பள்ளிகள் ஆளுக்கொரு கை கொடுக்கட்டும். எவர் கை விலகினாலும் மற்றவர் கை தாங்க வேண்டும். ரஷ்யர்கள் கோட்டை விட்டது அங்கேதான். முதல் ஞாயிறு இருபது பேர் வருவார்கள். பதினைந்து பேர் இடது ஓரத்து மண்ணில் காற்று வாங்கிக் கழன்று, தனித்தனியாக வீடு திரும்புவார்கள். அடுத்த மாதம் அதே பதினைந்து பேர் மறுபடியும் வந்து நிற்க ஒரு பந்தயம் இருந்தால் போதும். ஏணியின் முதல் படி அதுதான்.