லினக்சும் பழைய தமிழ்க் கோப்புகளும்

லினக்சில் தமிழ் சிதையும் என்பார் உளர். அக்கூற்றின் வன்மையை ஈண்டு ஆராய்வோம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் பாஸ் லினக்சு அரியலூர் மாணவர் கைகளையும் எய்திற்று. அதில் பழைய தமிழ்க் கோப்பைத் திறப்போர் ஆங்கில எழுத்துக் குவியலையே காண்பர். காரணம் யாது? ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களில் தமிழ் வடிவங்களை ஏற்றிய பாமினி போன்ற எழுத்துருக்களால் அக்கோப்புகள் அமைந்தன. அவ்வெழுத்துரு இல்லாவிடின் விண்டோசிலும் இந்நிலையே. தமிழக அரசு 2010-இல் ஏற்ற ஒருங்குறிக்கு மாற்றின், இரண்டிலும் தமிழ் செவ்வனே தோன்றும்.

லினக்சு குற்றமற்றதன்று, தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துவோரே பெரும்பாலும் தேடி அமைத்தல் வேண்டும். ஆயினும் கங்கைகொண்டசோழபுரக் கல்வெட்டுகளை ஆய்வோர் தம் பழைய குறிப்புகளை ஒருங்குறியாக்குதலே முதற்கடன். எழுத்துரு மறையின், ஆய்வும் மறையுமன்றோ?