பீசாவின் மறையுரை மேடை

ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து புறப்படும் ஒருநாள் சுற்றுலாவில் பீசா நகரும், சிங்க்வே தெர்ரே எனும் ஐந்து கடலோரச் சிற்றூர்களும் அடங்கிவிடுகின்றன. பீசாவுக்குக் கிடைப்பது ஓரிரு மணிநேரமே. அதுவும், 1173இல் எழத் தொடங்கிய சாய்ந்த கோபுரத்தை உள்ளங்கையால் தாங்குவதுபோல் படமெடுப்பதில் கழிந்துவிடுகிறது. அது ஏழு மணிகள் தொங்கும் ஆலய மணிக்கோபுரம் என்பதை நினைப்போர் சிலரே!

பேராலயத்துக்கு அப்பாலுள்ள திருமுழுக்கு ஆலயத்தில், நிக்கோலா பிசானோ 1260இல் செதுக்கி முடித்த பளிங்கு மறையுரை மேடை நிற்கிறது. ஞானியர் வணங்கும் காட்சியில் வீற்றிருக்கும் மரியன்னை, நாம் படங்களில் பழகிய நாணமிகு கன்னி அல்லர். உரோமைப் பேரரசியை ஒத்தவர். அவ்வடிவத்தைச் சிற்பி கண்டெடுத்தது பீசாவிலிருந்த பழைய உரோமைக் கல்லறைப் பேழையில். அதுவும் தகாத காதலில் வெந்த ஃபேத்ரா அரசியின் உருவத்தில்! புறச்சமயக் கல்லில் இறைவனின் தாயைக் காணத் துணிந்த அக்கண்களை வியக்கிறேன்.

ஆயினும், கிறிஸ்து பிறப்புக் காட்சியில் அதே கம்பீரம் கனத்துவிடுகிறது; பிள்ளை பெற்றவளின் களைப்பு அம்முகத்தில் இல்லை. தாய்மாரின் வேதனையைக் காண, அவருடைய மகன் ஜொவான்னி 1302-1310 ஆண்டுகளில் பேராலயத்துள் செதுக்கிய மேடைக்குச் செல்ல வேண்டும். ஏரோதின் வீரர்களிடம் மழலைகளைப் பறிகொடுத்த அன்னையர் அங்கே கதறுகின்றனர். இரு மேடைகளுக்கும் இடையே சில நிமிட நடைதான். அதற்குள் வழிகாட்டியின் கொடி பேருந்தை நோக்கி நகர்ந்துவிடுகிறது.