சித்தன்னவாசலும் சிராப்பள்ளியும்: ஒரு மதமாற்றக் கதையைச் சோதித்துப் பார்த்தல்

திருச்சியிலிருந்து சித்தன்னவாசல் போய்வந்து எழுதும் பயணக்குறிப்புகளில் பெரும்பாலும் இந்தக் கதை வந்துவிடும். முதலாம் மகேந்திரவர்மன் முதலில் சமணன். அப்போது சித்தன்னவாசல் குடைவரையைக் குடைந்தான். பிறகு அப்பர் அவனைச் சைவத்துக்குக் கொண்டுவந்தார். அந்த மாற்றத்தின் அடையாளமாகத் திருச்சி மலையில் சிவனுக்குக் கோயில் எடுத்தான். சுமார் 60 கி.மீ. இடைவெளியில் இருக்கும் இரண்டு குன்றுகளை ஒரே மனிதனின் வாழ்க்கை இணைத்துவிடுகிறது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதற்கு ஆதாரம் என்ன என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், கதை இவ்வளவு உறுதியாக நிற்கவில்லை.

முதலில் திருச்சி. மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதியைத் தாண்டி உச்சிப்பிள்ளையாருக்கு ஏறும் வழியில் இருப்பது லலிதாங்குர பல்லவேஸ்வர கிருகம். இது மகேந்திரன் குடைந்ததுதான், அதில் சந்தேகம் இல்லை. கங்காதரர் சிற்பத்தின் பக்கத்துத் தூண்களில் கிரந்த எழுத்தில் சமஸ்கிருதச் செய்யுள்கள் இருக்கின்றன. ஹூல்ஷ் 1890-இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியிட்டார். அதில் ஒரு செய்யுளில் குணபரன் என்ற மன்னன் லிங்க வழிபாட்டில் இருப்பதும், 'விபக்ஷ விருத்தி'யிலிருந்து ஞானம் திரும்பியதும் பேசப்படுகிறது. விபக்ஷம் என்றால் எதிர்த்தரப்பு. எதிர்த்தரப்பு என்றால் சமணம். மதமாற்றக் கதைக்குக் கல்வெட்டில் கிடைக்கும் சான்று இவ்வளவுதான்.

ஆனால் 'சமணம்' என்ற சொல் அங்கே இல்லை. லிங்கம், விபக்ஷம் இரண்டும் தர்க்க சாஸ்திரத்தின் கலைச்சொற்கள் என்பதையும், செய்யுள் முழுக்கச் சிலேடை என்பதையும் ஹூல்ஷே குறித்திருக்கிறார். எழுதச் சொன்னவனோ 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற அங்கத நாடகத்தை எழுதியவன். விசித்திரசித்தன் என்று பட்டம் சூட்டிக்கொண்டவன். அப்படிப்பட்டவனின் சிலேடையை வாக்குமூலம் மாதிரி படிக்கலாமா?

இன்னொரு ஆதாரம் பெரிய புராணம். பாடலிபுத்திரத்துச் சமணர்கள் பக்கம் இருந்த பல்லவ மன்னன் அப்பரைத் துன்புறுத்துகிறான், பிறகு மனம் மாறுகிறான், சமணப் பள்ளியை இடித்து அந்தக் கல்லைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுக்கிறான் என்கிறார் சேக்கிழார். அவர் மகேந்திரன் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் குணபரன் என்பது மகேந்திரனின் பட்டம், திருச்சிக் கல்வெட்டிலும் அது வருகிறது. இந்த ஒற்றுமையைச் சும்மா தள்ளிவிட முடியாது. அதே சமயம் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டுக்காரர், மகேந்திரனுக்கு ஏறக்குறைய 500 ஆண்டு பிந்தியவர். ஏழாம் நூற்றாண்டைப் பற்றிப் பின்னால் வந்த சைவ மரபு என்ன நினைத்தது என்பதற்கு அவர் நல்ல சாட்சி. ஏழாம் நூற்றாண்டுக்கே நேரடிச் சாட்சி இல்லை.

இப்போ சித்தன்னவாசல். அறிவர் கோயில் விதானத்தில் இருக்கும் தாமரைக் குளத்தை ழூவோ துப்ரேய் 1920-களில் பல்லவ ஓவியம் என்றே உலகுக்கு அறிமுகப்படுத்தினார். மகேந்திரன் சமணனாக இருந்தவன், குடைவரை எடுத்தவன், ஆகவே இதுவும் அவனுடையது. மறுபக்கம், மகேந்திரன் சமணன்தானா என்று யாராவது கேட்டால் சித்தன்னவாசலைக் காட்டினார்கள். இது ஒன்றுக்கு மற்றொன்று ஜாமீன் போடுகிற கதை. தூண் ஒன்றில் கிரீடத்தோடு தெரியும் அரச உருவத்துக்கும் மகேந்திரன் என்று பெயர் வைத்தாயிற்று.

ஆனால் கோயில் முகப்புக்குப் பக்கத்துப் பாறையிலேயே ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்ற சமண ஆசிரியர் உள் மண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்தார் என்கிறது அது. இந்த ஸ்ரீவல்லபன் பாண்டியன் ஸ்ரீமாறன், 9-ஆம் நூற்றாண்டு (815–862). இன்று நாம் பார்க்கும் ஓவியங்களை இந்தத் திருப்பணியோடு சேர்த்துப் பார்ப்பதே ஆய்வாளர்களிடம் இப்போது பொதுவான கருத்து. கோயிலை முதலில் குடைந்தது யார் என்பதை இந்தக் கல்வெட்டு சொல்லவில்லை. அதனால் மகேந்திரன் பெயரை அங்கே எழுத இடம் கிடைத்துவிடாது. (முன்னால் நிற்கும் தூண்களை வைத்தும் காலம் கணிக்க வேண்டாம். அவை 20-ஆம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து வைத்தவை.)

சரி, யார் குடைந்தால் என்ன என்று கேட்கலாம். எனக்கு இதில் உறுத்துவது வேறு. மதமாற்றக் கதை சமணத்தைச் சைவத்தின் முன்னுரையாக்கிவிடுகிறது. வடக்கே அப்பர் பல்லவனை மாற்றினார், தெற்கே சம்பந்தர் பாண்டியன் நெடுமாறனை மாற்றினார், ஏழாம் நூற்றாண்டோடு சமணம் முடிந்தது என்று மனசுக்குள் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. இந்தக் கல்வெட்டோ அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. எந்தப் பாண்டிய வம்சம் சமணத்தைக் கைவிட்டது என்கிறோமோ, அதே வம்சத்தின் ஆட்சியில், இரண்டு நூற்றாண்டு கழித்து, அதே மதுரையின் பெயரைத் தாங்கிய ஒரு சமண ஆசிரியர் வந்து கோயிலைப் புதுப்பிக்கிறார்.

சண்டையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. சம்பந்தர் பதிகங்களில் வழக்கமாகப் பத்தாம் பாட்டு சமணரையும் பௌத்தரையும் கண்டிக்கிறது. பகை நிஜம். ஆனால் இல்லாதவர்களை யாரும் பதிகத்துக்குப் பதிகம் கண்டிக்க மாட்டார்கள்.

சிலப்பதிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோவலன், கண்ணகியோடு நடந்துவரும் சமணத் துறவி கவுந்தியடிகள் காவிரி நடுவே இருக்கும் அரங்கத்தில்தான் சாரணரைச் சந்திக்கிறார். அடுத்த காதையில் உறையூரைத் தாண்டியபின், திருவரங்கத்தில் பள்ளிகொண்ட திருமாலை ஒரு மறையவன் புகழ்கிறான். இன்றைய ஸ்ரீரங்கத்தை இந்த நூல் இரண்டு சமயத்தார்க்கும் உரிய இடமாகக் காட்டுகிறது. யாரும் யாரையும் மாற்றவில்லை.

ஆகவே போகிறவர்கள் திருச்சி மலையில் மகேந்திரன் குடைவரையோடு திரும்பிவிட வேண்டாம். உச்சிப்பிள்ளையார் கோயிலுக்குப் பின்புறம் சமணர் படுக்கைகள் இருக்கின்றன. ஊர்ப்பெயரில் இருக்கும் 'பள்ளி' என்ற சொல்லைச் சமணத்தோடு இணைக்கும் கருத்துக்கு அதுவும் ஒரு காரணம். சித்தன்னவாசலில் அறிவர் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வண்டி ஏறாமல் ஏழடிப்பட்டத்துக்கும் ஏறுங்கள். வழவழப்பாக்கிய 17 கற்படுக்கைகள் அங்கே உள்ளன. ஒன்றில் கி.மு. காலத்துத் தமிழ் பிராமி எழுத்து, எருமிநாட்டில் பிறந்த ஒருவருக்காகச் செய்தது என்று. வேறு படுக்கைகளில் பல நூற்றாண்டு பிந்திய எழுத்தில் திருநீலன், திட்டைச்சரணன் போன்ற பெயர்கள். இவர்கள் எந்த அரசனையும் மாற்றியதாகவோ, எந்த அரசனால் மாற்றப்பட்டதாகவோ கதை இல்லை. ஆயிரம் ஆண்டுக்குக் குறையாமல் இந்தக் குன்றில் சமணர் இருந்தார்கள் என்பதற்கு இந்தப் பெயர்களே போதும். ஒரு மன்னனின் மனமாற்றக் கதை இல்லாமலேயே இந்த வரலாறு நிற்கும்.