பாஸ்கால் கொமலாடின் இசையில் நகைச்சுவை

கருவியின் குறையை இசையின் குணமாக்கல் கூடுமா என்னும் வினாவைத் தம் வாழ்நாட் பணியாகவே கொண்டவர் பிரெஞ்சு இசைஞரான பாஸ்கால் கொமலாட். 1955 இல் மொன்பெல்லியே நகரிற் பிறந்த இவர், 1975 இல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் மின்னியக்கக் கருவிகளையே பெரிதும் கையாண்டார். பின்னர் அந்நெறியினின்றும் விலகி, 1983 இல் 'பெல் கான்ரோ ஒர்க்கெஸ்ரா' என்னுங் குழுவை அமைத்து, சிறுவர் பியானோவையும் பிளாஸ்ரிக் ஊதுகுழல்களையும் அரங்கேற்றினார். சீரிய இத்தாலியப் பாடன்முறையைக் குறிக்கும் பெயரை விளையாட்டுப் பொருள்களுக்கு இட்டதே ஒரு நகை.

சிறுவர் பியானோ பெரிய பியானோவின் குறுகிய வடிவமன்று. பெரியதிற் சுத்தியல் கம்பியைத் தாக்கும். சிறியதிலோ உலோகக் கோலைத் தாக்கும். கோலினின்றெழும் மேற்சுரங்கள் அடிச்சுரத்தோடு முற்றும் இயையாமையால், மணியோசை போன்ற நாதம் பிறக்கின்றது. சுருதியும் சற்றே ஐயத்திற்கிடமாகின்றது. ஓசையை மென்மையாக்கவும் வன்மையாக்கவும் வாய்ப்பு மிகக் குறைவு.

இக்குறைகளை முதலிற் கலைப்பொருளாக்கியவருள் அமெரிக்கரான ஜோன் கேஜ் குறிப்பிடத்தக்கவர். 1948 இல் அவர் இயற்றிய சிறுவர் பியானோத் தொகுப்பு ஒன்பது வெள்ளைக் கட்டைகளுள் அடங்குவது. எனினும், அக்கருவியால் இயலாத மென்மை வன்மைக் குறிகளை அவர் ஏட்டில் எழுதிவைத்தார். கேஜின் வழி துறவியின் வழி. கொமலாடின் வழி அஃதன்று. செவிக்குப் பழகிய வால்ஸ், ராங்கோ, ரொக் மெட்டுக்களையே இவர் எடுத்துக்கொள்கின்றார். மெட்டு முன்னரே அறிந்ததாதலின், கருவி விட்டுவிடுவதைக் கேட்போரின் நினைவு நிரப்புகின்றது. இவ்விசையின் மறைபொருள் இதுவே எனலாம்.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினை வகுத்தார். கொமலாடின் நகை இவற்றுள் எதன்பாற்படும்? பெருமிதமான ரொக் இசையைப் பொம்மையில் வாசித்தல் எள்ளல் என்றே முதலில் தோன்றும். பலமுறை கேட்பார்க்கு அவ்வெண்ணம் நில்லாது. மெட்டை அவர் சிதைப்பதில்லை. மெதுவாகவும் பரிவோடும் எடுத்துச் செல்கின்றார். ஆதலின் அது இளமைபற்றிய நகை. அதனுள் இழந்த ஒன்றைக் குறித்த அழுகையும் கலந்துள்ளது. வளர்ந்த கை பிள்ளைக் கருவியைத் தொடும்போது பிறக்கும் துயர் அது.

ஆயினும் குறையில்லாமலில்லை. இவருடைய உருப்படிகள் பெரும்பாலுஞ் சிறியன. தொடங்கிய எண்ணம் வளர்வதற்குள் முடிந்துவிடும். ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்குமிடத்து இனிமையே திகட்டுகின்றது. கரடாக இருக்கவேண்டிய ஒலி சில வேளைகளில் வெறும் அணியாகிவிடுகின்றது. கருவி புதுமையானது என்பதனால் மட்டும் இசை புதுமையாகாது என்பதை இவர்தம் அபிமானிகள் மறந்துவிடுகின்றனர்.

இத்திகட்டலுக்கு மாற்று 1998 இல் வெளிவந்த 'லார்கோ டு புருயி' என்னும் இசைத்தட்டிற் கிடைக்கின்றது. அதில் ஆங்கிலப் பாடகி பி. ஜே. ஹார்வி இரு பாடல்களைப் பாடினார். அவருடைய கனத்த, முதிர்ந்த குரல் உட்புகுந்ததும், அதுவரை வேடிக்கையெனத் தோன்றிய இசை தன் துயரை மறைக்க இயலாது நிற்கின்றது.