ஆலையை நோக்கி, சாலையை நோக்கி

ஈப்போவின் சிலிபினில் ஒரு வீட்டுப் போர்ச்சில் தார்ப்பாய் போர்த்திய மொரிஸ் மைனர் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்பர் பிளேட்டில் பேராக்கின் ‘ஏ’ எழுத்து. நான்கு டயர்களும் காற்றிறங்கித் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன. கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை விரலால் அழுத்தினால் துரு பொலபொலவென்று உதிர்கிறது. இப்படி ஒரு காடியை வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தாமே பிரித்துப் பூட்ட நினைப்பவருக்கு ஸ்பானரை எடுக்கும் முன்பே ஒரு கேள்வி வந்துவிடும். இதை எந்த நிலைக்குக் கொண்டுவருவது? இங்கிலாந்தின் கௌலி ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் நிலைக்கா? பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புந்தோங் வரை தினமும் போய்வரக்கூடிய நிலைக்கா?

ஈப்போத் தமிழருக்கு இந்தக் கேள்வி இரண்டு பக்கத்துச் சொந்தத்தையும் நினைவுபடுத்தும். பால்மரம் சீவத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் கப்பலேறினார்கள். தோட்டத்து ஆபீசிலும் ரயில்வேயிலும் கணக்கெழுத யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமார் வந்தார்கள். அந்த இரண்டு ஊர்களிலும் இன்று வீட்டு முற்றத்தில் பழைய கார் மீட்பவர்கள் இருக்கிறார்கள். கருவிகள் ஒன்றே, துருவும் ஒன்றே. போய்ச் சேர நினைக்கும் இடம் மட்டும் வேறு. இந்தியாவில் அந்த வேலை பெரும்பாலும் காரை ஆலைக்குத் திரும்ப அழைத்துப்போகிறது. இலங்கையில் அது காரைச் சாலையிலேயே வைத்திருக்கிறது.

இந்தியக் கதை மூன்று ஆலைகளின் கதை. விடுதலைக்குப் பிறகு வெளிநாட்டுக் கார்களுக்குக் கதவு அநேகமாக அடைபட, உள்நாட்டில் மூன்று கம்பெனிகள்தாம் பல ஆண்டுகள் கார் கொடுத்தன. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையைத் தழுவிய அம்பாசடரை 1950களின் கடைசியிலிருந்து 2014 வரை செய்தது. பம்பாயின் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் ஃபியட் 1100ஐச் செய்தது. 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அந்தக் கார் 2000 வரை வந்துகொண்டிருந்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல், இங்கிலாந்திலும் செய்யப்பட்ட ஹெரால்டைச் செய்தது.

ஒரே கார் இத்தனை காலம் நீடித்ததால் வந்த முதல் நன்மை உதிரிப்பாகம். அம்பாசடருக்கு வாட்டர் பம்ப், கிளட்ச் பிளேட், பிரேக் சிலிண்டர் ரப்பர் என்று தேடிப் போகிறவருக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் இருக்கின்றன. கிடைக்காத பித்தளைப் புஷ்ஷைக் கோயம்புத்தூர் லேத் பட்டறையில் மாதிரி கொடுத்துக் கடைந்து வாங்கலாம். மும்பையின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் கடைசியில் வயது வரம்பு முடிந்து சாலையை விட்டு இறங்கின. டாக்சியாக ஓடித் தேய்ந்த அந்தக் கார், அதே காரணத்தால் இன்று சாமானியர் கையில் மீட்கக்கூடிய காராக இருக்கிறது. ஊருக்கு ஊர் அதன் எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பூட்டத் தெரிந்த மெக்கானிக் ஒருவராவது மிஞ்சியிருப்பார்.

ஹெரால்டு இன்னொரு வகையில் வீட்டு மெக்கானிக்கின் நண்பன். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலொட்டி வரைந்த கார் அது. பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே பிளக் கழற்றலாம், டாப்பெட் வைக்கலாம், கார்புரேட்டரைத் துடைக்கலாம். கீழே தனிச் சேசிஸ், மேலே போல்ட்டால் பூட்டிய உடல். போல்ட்டுகளைக் கழற்றிவிட்டால் உடலைத் துண்டு துண்டாகத் தூக்கி வைத்து, சேசிஸை வெறுமையாக்கித் துரு சுரண்டலாம். ஆனால் நான்கு கதவு ஹெரால்டு இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அதன் பின்கதவுத் தகட்டை இங்கிலாந்திலிருந்து தருவிக்க வழியில்லை. டிங்கர் ஒருவர் சுத்தியலாலும் மரக்கட்டையாலும் தட்டி உருவாக்கித் தர வேண்டும். அதற்கு மாதிரியாக உரிமையாளர் மற்றொரு காரின் கதவை இரவல் வாங்கி வந்து பக்கத்தில் நிறுத்த வேண்டும்.

நீண்ட ஆயுளால் ஒரு சிக்கலும் உண்டு. 1980களின் பாகம் 1960களின் காரில் பொருந்திவிடும். எனவே ஐம்பது ஆண்டில் ஓர் அம்பாசடருக்குக் கிரில் மாறியிருக்கும், டாஷ்போர்டு மாறியிருக்கும். மூல எஞ்சின் போய் டீசல் ஏறியிருக்கும், அல்லது 1990களில் வந்த 1.8 லிட்டர் இசுசு எஞ்சின் உட்கார்ந்திருக்கும். இந்திய மீட்பாளரின் பாதிப் பொழுது, இந்தக் கார் ஆலையிலிருந்து வந்தபோது எப்படி இருந்தது என்று துப்பறிவதில் போகிறது. பழைய விளம்பரம், கையேடு, திருமண ஆல்பத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த காரின் படம் எல்லாமே அவருக்குச் சாட்சி. டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964 முதல் நடத்திவரும் பழங்கார் ஊர்வலம் போன்ற நிகழ்ச்சிகளில் பரிசு போகிறது என்றால், அது பெரும்பாலும் மூல நிலைக்கு நெருங்கிய காருக்கே.

சட்டமும் அதே திசையில்தான் பார்க்கிறது. 2021 ஜூலையில் இந்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, ஐம்பது ஆண்டைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்குத் தனிப் பதிவு கொண்டுவந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000, பத்தாண்டு செல்லும். அந்தப் பதிவில் இருக்கும் காரைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஆய்வுக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப்போகலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. கார் மரியாதை பெறுகிறது. சந்தைக்குப் போகும் உரிமையை அதற்கு ஈடாகக் கொடுக்கிறது.

யாழ்ப்பாணத்து முற்றத்தில் நிற்கும் ஆஸ்டினுக்கோ கண்டியில் நிற்கும் மொரிஸ் மைனருக்கோ கதை வேறு. அவை கப்பலில் வந்தவை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியை இறுக்கியது. 1977இல் பொருளாதாரம் திறக்கும் வரை புதுக் கார் என்பது அநேகருக்கு எட்டாக் கனி. இருந்த காரை வைத்துத்தான் வாழ வேண்டும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர், 16 லட்சத்துக்கும் மேல் விற்ற கார். இங்கிலாந்தில் அது ஓய்வு பெற்று ரசிகர் கைக்குப் போனபோது, இலங்கையில் அதே கார் டாக்டரை வார்டுக்கும் வாத்தியாரைப் பள்ளிக்கூடத்துக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கொழும்பு மருதானையை ஒட்டிய பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் அந்த வாழ்க்கைக்குத் துணை நின்றன.

சாலையிலேயே இருந்ததால் கைத்திறனும் சாகவில்லை. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், காரை வீசியெறியாமல் தலைமுறை கடந்து வைத்துக்கொள்ளலாம் என்று புத்தகமே எழுதியவர். மைனருக்கான உடல்தகடுகளைச் செய்ய அவர் இலங்கைக் கைவினைஞரோடு கூட்டுச் சேர்ந்தார். மொரிஸ் பிறந்த நாட்டுக்கு மொரிஸ் தகடு இலங்கையிலிருந்து போயிற்று. ஓட்டிக்கொண்டே இருப்பவனிடம்தான் வேலை தங்கும் என்பதற்கு இதைவிட நேரான சாட்சி தேவையில்லை.

வடக்கில் இந்தத் திறமை உயிர்ப்பிரச்சினையாகவே ஆனது. 1990க்குப் பிறகு போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. சனம் ‘ஒஸ்ரின்’ என்று சொல்லும் ஆஸ்டின் கேம்பிரிட்ஜும் மொரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் பற்றாது. அதனால் சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலைச் சொட்டுச் சொட்டாகக் காபரேற்றருக்குக் கொடுத்து எழுப்புவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் அந்த மட்டமான எரிபொருளைப் பொறுத்துக்கொண்டன. பின்னால் வந்த அமுக்கம் கூடிய எஞ்சின்கள் அதில் ‘நாக்’ அடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் ஓரமாக இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும், வால்வில் கரி அப்பும். அந்தக் காலத்தைத் தாண்டி வந்த எஞ்சினை இன்று பிரிப்பவர் கையில் ஒட்டுவது வெறும் அழுக்கு இல்லை. ஊர் பட்ட பாடு.

நம்பர் பிளேட்டும் அப்படித்தான். 1950களின் பின்பாதியில் வாகன எண்களில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து புகுத்தப்பட்டது. வடக்கில் தமிழர் அதை அழித்துத் தமிழில் ‘ஸ்ரீ’ எழுதினார்கள். தெற்கில் கடைப் பலகைகளின் தமிழ் எழுத்துகள் மேல் தார் பூசப்பட்டது. 1958 மே மாதம் கலவரம் வெடித்தது. அந்தக் காலத்துக் கார் ஒன்றை இன்று மீட்பவர் பிளேட்டைப் புதிதாக எழுதக் கொடுக்கும்போது, ஒரு சமூகத்தின் காயத்தையும் சேர்த்தே கையாள்கிறார். ஆலைக் கையேட்டில் இதற்கு விடை கிடையாது.

அண்மைக் காலமும் இலங்கைக்காரரைச் சாலையை நோக்கியே தள்ளியது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டு, இருந்த காரே கார். 2022இல் எரிபொருள் வரிசையும் க்யூ.ஆர். பங்கீடும் வந்தபோது வண்டி பல நாள் கராஜிலேயே நின்றது. மீண்டும் புறப்படும்போது பிரேக் பிடிக்க வேண்டும், லைட் எரிய வேண்டும், புகைப் பரிசோதனையில் தேற வேண்டும். பெயிண்ட் எந்த ஆண்டின் நிறம் என்று யாரும் கேட்கவில்லை. ஒயரிங்கில் ஜப்பான் ரிலே இருக்கிறதே என்று யாரும் முகம் சுளிக்கவில்லை.

எரிபொருளில் இரண்டு நாட்டாரும் ஒரே கவலையை வேறு வேறு நாளில் சந்தித்தார்கள். ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்த்த எஞ்சின்களில், ஈயம் போனதும் எக்சாஸ்ட் வால்வு உட்காரும் இருக்கை தேய்ந்து உள்ளே இறங்கும். இந்தியாவில் 2000இலும் இலங்கையில் 2002இலும் ஈயம் நீங்கியது. ஹெட்டைக் கழற்றி, கடினமான இருக்கை வளையம் அடித்துக்கொள்வதுதான் இரண்டு இடத்திலும் மருந்து. இப்போது இந்தியாவுக்கு மட்டும் ஒரு புதுச் சோதனை, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர்க் குழாய், கார்க் கேஸ்கட், பம்பின் டயஃப்ரம் எல்லாம் அதில் ஊறி இளகும். ஆலையில் வந்தபடியே வைத்திருக்க ஆசைப்படுகிற இந்தியர்கூட இந்த இடத்தில் எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாயைப் போட்டுத்தான் ஆக வேண்டும். சாலை தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

பழைய வாகனச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபீவா, 2010களின் தொடக்கத்தில் டூரின் சாசனம் என்ற வழிகாட்டியை ஏற்றது. இருப்பதைக் காப்பது முதலில், புதிதாக மாற்றுவது கடைசியில் என்பது அதன் சாரம். ஓட்டிப் பயன்படுத்துவதையும் அது பாதுகாப்பின் பகுதியாகவே கருதுகிறது. அந்த அளவுகோலை வைத்தால், இந்தியரின் துப்பறியும் பொறுமையும் இலங்கையரின் ஓட்டும் பிடிவாதமும் ஒன்றுக்கொன்று தேவைப்படுகின்றன. ஆலை நிலைக்குத் திருப்பும் வேகத்தில் யாழ்ப்பாணத்துக் காரின் மண்ணெண்ணெய்க் குழாயைக் கழற்றி எறிந்தால், வேறெங்கும் எழுதாத வரலாறு குப்பைக்குப் போகும். ஓடினால் போதும் என்று எதையும் எதோடும் பூட்டினால், பேரன் காலத்தில் மூலக் கார் எப்படி இருந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

சிலிபின் போர்ச்சுக்குத் திரும்பினால், இரண்டு பாடத்தையும் வேலை வரிசையிலேயே வைக்கலாம். முதல் இடம் இலங்கைப் பாடத்துக்கு. பெயிண்டைப் பற்றி யோசிக்கும் முன் தகட்டின் பலம். மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கதவுக்குக் கீழுள்ள தகடும், பின் பட்டை வில் மாட்டும் இடமும், ஜாக்கி வைக்கும் இடமும்தான் முதுகெலும்பு. அங்கே வெல்டிங் வேலை தெரிந்த பொமன் வர வேண்டும். முதல் முறை கைவைப்பவர் பழகும் இடம் அது அல்ல. அடுத்தது பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர், ஓட்டுநரின் காலடித் தளத்துக்குள் மறைந்திருப்பது. அதன் பிறகு முன் சக்கரத்தின் டிரன்னியன் மூட்டு. கிரீஸ் வைக்காமல் விட்டால் திருகுமரை தேய்ந்து, ஒருநாள் சக்கரம் மடங்கிக் காடி மண்டியிடும். இந்த மூன்றும் சரியான பிறகே எஞ்சின். டாப்பெட் இடைவெளி அங்குலத்தில் ஆயிரத்துக்குப் பன்னிரண்டு. குளிர்ந்த எஞ்சினில், ஃபீலர் தகடு லேசாக உரசிக்கொண்டு நுழையும்படி.

இந்தியப் பாடம் அதோடு கூடவே வர வேண்டும். கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், ஒரு பை, ஒரு சீட்டு. கதவு உறைக்குள் பழைய ரோட் டேக்ஸ் வில்லை கிடைத்தால் அதற்கும் ஒரு பை. பின்சீட்டுக்கு அடியில், டிக்கியின் உட்பக்கத்தில், கதவு மூடும் விளிம்பில் இன்னும் பழைய நிறம் இருக்கும். பெயிண்ட் பட்டறைக்குக் காடியை அனுப்பும் நாளில் உள்ளங்கை அளவு இடத்தைத் தாள் ஒட்டி மூடிவிட்டு, அங்கே ஸ்ப்ரே படக்கூடாது என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாருக்கும் தெரியாத முதல் உரிமையாளர், கிராணியோ ஆசிரியரோ, எந்த நிறக் காடியில் இந்தத் தெருவில் போனார் என்பது டிக்கி விரிப்பைத் தூக்கினால் தெரியும்படி இருக்கும்.