சுவரைப் பார்க்கும் முன் சாப்பிட்டுவிடுங்கள்

மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள பழைய துறைமுக நகரம் ஜார்ஜ் டவுன். அங்கே வரும் பயணிகளுக்கென்று அரைநாள் நடைப்பயணங்களைப் பலர் நடத்துகிறார்கள். வழிகாட்டி ஒருவர் சந்து சந்தாக அழைத்துப்போய்ச் சுவரோவியங்களைக் காட்டுவார். நடுநடுவே தெருக்கடைகளில் நிறுத்தி நாலைந்து பண்டங்களை ருசிபார்க்க வைப்பார். வருகிறவர்களில் பெரும்பாலோர் இதைக் கண்ணுக்கு ஓவியம், கால் ஓய்ந்தால் சாப்பாடு என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். சுவருக்கு முன் நின்று ஒரு படம், தட்டுக்கு மேல் கைப்பேசியை நீட்டி இன்னொரு படம். இப்படி நடந்து முடித்தவருக்கு ஊர் அழகு, சாப்பாடு பிரமாதம் என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்காது. இந்த ஊரைப் பொறுத்தவரை, சாப்பாட்டின் வரலாறு தெரிந்த பிறகுதான் சுவரில் இருப்பது விளங்கும் என்பது என் கட்சி. ஓவியங்கள் காட்டுவது பெரும்பாலும் போய்விட்ட ஒரு வாழ்க்கையை. அந்த வாழ்க்கையில் இன்னும் போகாமல் மிஞ்சியிருப்பது அடுப்படி. மிஞ்சியதை முதலில் கையால் தொட்டுத் தின்றுவிட்டு, அதற்குப் பிறகு போனவற்றின் படங்களுக்கு வருவதே சரியான வரிசை.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான இடத்திலிருந்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். 1786-இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கைக் கைக்கொண்ட பிறகு, சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்களும் படகுக்காரர்களும் கூலிக்காரர்களும் அங்கே குவிந்தார்கள். தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்த காலம் அது. சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா நிற்கிறது. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. இந்த மக்களில் சிலர் விடிகாலையில் தோளில் காவுதடி வைத்து, ஒரு பக்கம் சோறும் மறுபக்கம் கறிகளுமாகச் சுமந்துபோய்த் துறைமுகத்து ஆட்களுக்கு விற்றார்கள். நாசி கண்டார் பிறந்தது அப்படித்தான். அதன் இலக்கணம் முழுவதையும் அந்த வேலை தீர்மானித்திருக்கிறது. சோறு, ஒரு துண்டு மீனோ கோழியோ, மேலே மூன்று நான்கு குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றிய வெள்ளம். கூட்டு தனி, குழம்பு தனி, ரசம் தனி என்று பொறுமையாக வரிசை கட்டும் நம் இலைச்சாப்பாட்டு முறைக்கு நேர் எதிர். மூட்டை தூக்கப் போகிறவனுக்கு ஒரே தட்டில், ஒரே மூச்சில், நெடுநேரம் தாங்கும்படி வயிறு நிறைய வேண்டும். ஆகவே அந்தக் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு கறியையும் தனித்தனிக் கிண்ணத்தில் கேட்காதீர்கள். குழம்புகள் கலந்து வரும் அந்தப் பெயரில்லாத ருசிதான் இதில் ரசிக்க வேண்டியது. மீன் குழம்பின் புளிப்பும் கோழியின் மசாலாவும் பருப்பின் மழுக்கமும் எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்று நாக்கால் தேடிப் பாருங்கள். 1969-இல் பினாங்கு தன் சுங்கவரியில்லாத் துறைமுகம் என்ற தகுதியை இழந்தது. சரக்கு வேலையும் காலப்போக்கில் எதிர்க்கரையான பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டது. மூட்டை தூக்கியவர்கள் இல்லை, காவுதடியும் இல்லை. தட்டு மட்டும் மாறவில்லை. கேம்பல் தெருவில் 1907 முதல் இருக்கும் ஹமீதியா கடையில் இன்று வரிசையில் நிற்பவர்கள் அலுவலக ஆட்களும் சுற்றுலாக்காரர்களும்.

இந்தச் சோற்றைத் தின்றுவிட்டுப் போய், ரஷ்ய ஓவியர் யூலியா வோல்ச்கோவா சுவரில் வரைந்திருக்கும் இந்தியப் படகோட்டியைப் பாருங்கள். சாப்பிடாமல் போனால் அவர் அழகாக வரையப்பட்ட ஒரு முதியவர், அவ்வளவுதான். சாப்பிட்டுவிட்டுப் போனால் அவருக்கு ஒரு வேலைநாள் இருக்கிறது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே எதை ஏற்றி இறக்கினார், விடிவதற்கு முன் எதைத் தின்றார் என்ற கேள்விகளுக்குப் பாதி விடை உங்கள் வயிற்றிலேயே இருக்கிறது. ஓவியரால் வரைய முடியாததும் அந்தப் பாதியைத்தான்.

சுவர்களில் இருப்பது வண்ண ஓவியம் மட்டுமல்ல. ஜார்ஜ் டவுன் 2008-இல் மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதை ஒட்டி, மாநில அரசு ஒரு போட்டி வைத்து, நகரின் தெருக்களுக்கு அடையாளமாக இரும்புக் கம்பிச் சித்திரங்களைச் செய்ய வைத்தது. மொத்தம் 52. கறுப்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் இவை, ஒவ்வொன்றிலும் ஓரிரு வரி விளக்கம். கேமராக்கள் அதிகம் தேடிப்போவதில்லை என்றாலும், என் கணக்கில் இந்த ஊரின் சுவர்க்கலையில் தேர்ந்த பகுதி இதுவே. காரணம், இவை சொந்தத் தெருவைவிட்டு ஓரடி நகர்ந்தாலும் பொருளிழக்கும். கேனன் தெருவில், 1867-இல் ஊரில் நடந்த கலவரத்தின்போது பாய்ந்த பீரங்கிக் குண்டைப் பற்றிய சித்திரம், லவ் லேனில் பணக்காரக் கணவர்கள் வைத்திருந்த கள்ள உறவைப் பற்றிய கிண்டல், செருப்புக் கலைஞர் ஜிம்மி சூ தொழில் பழகிய இடத்தைச் சொல்லும் ஒன்று. இவற்றைப் பார்க்க முற்பகல் வெயில் நல்லது. கம்பியின் நிழல் சுவரில் விழுந்து, ஒரே கோட்டை இரண்டாக எழுதிக் காட்டும். அவற்றில் ‘தொக் தொக் மீ’ என்றொரு சித்திரம் உண்டு. நூடுல்ஸ் விற்றவர்கள் தாம் வருவதைத் தெருவுக்குத் தெரிவிக்க எழுப்பிய ஓசையே அந்தப் பண்டத்துக்குப் பெயரானதை அது சொல்கிறது. கம்பியால் ஓசையை எழுப்ப முடியாது என்பது அதன் குறை. அந்தக் குறையை நிரப்ப, மாலையில் கிம்பர்லி தெருவுக்கோ சூலியா தெருவுக்கோ போய், சார் குவே தியோ வறுக்கும் ஒரு தள்ளுவண்டிப் பக்கம் நில்லுங்கள். இரும்புச் சட்டியில் கரண்டி மோதும் சத்தத்திலேயே சமையலின் கட்டங்கள் தெரியும். பூண்டு விழும்போது சீறல், அரிசி நூடுல்ஸும் சோயாவும் விழுந்ததும் சத்தம் மங்கல், முட்டை உடைத்து ஊற்றியதும் மீண்டும் வேகம். நல்ல கடைக்காரர் ஒரு தடவைக்கு ஒரு தட்டுதான் வறுப்பார். சட்டியில் அளவு கூடினால் சூடு இறங்கி, வறுவல் அவியலாகிவிடும். வரிசை நீள்வதற்கும் ருசி நிற்பதற்கும் அதுவே காரணம்.

ஊரைப் புகழ்பெறச் செய்தவை என்னவோ வேறு ஓவியங்கள். லிதுவேனியாவில் பிறந்த எர்னஸ்ட் சக்காரெவிச் 2012-இல் ஜார்ஜ் டவுன் திருவிழாவுக்காக வரைந்தவை அவை. ஆர்மேனியன் தெருவில் நிஜ சைக்கிளை ஓட்டும் இரண்டு குழந்தைகள், ஆ குவீ தெருவில் பழைய மோட்டார் சைக்கிளில் ஒரு பையன், கேனன் தெருவில் நாற்காலிமேல் ஏறி எட்டும் சிறுவன். பாதி நிஜப்பொருள், பாதி வண்ணம் என்பதே அவர் உத்தி. மீதியைப் பார்க்கிறவர் வந்து முடிக்க வேண்டும் என்பதால்தான் எல்லாரும் சைக்கிளின் பின்னால் உட்காருவதுபோல் நிற்கிறார்கள். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, ஓவியமே அழைக்கிறது. ஆனால் கூட்டம் விலகும் கணத்தில் சுவரைப் பாருங்கள். செங்கல்மேல் பூசிய சுண்ணாம்புக் காரை, உப்புக் காற்றிலும் ஈரத்திலும் உதிர்ந்த திட்டுகள், அடியில் தெரியும் பழைய பூச்சு நிறங்கள். குழந்தைகளின் உடம்பு அந்தத் திட்டுகளுக்கு நடுவே வைக்கப்பட்டிருக்கிறது. புதுச்சுவரில் இதே படம் வெறும் நாள்காட்டிப் படமாகியிருக்கும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், அது வலுவானதும்கூட. இந்த ஓவியங்கள்தான் கூட்டத்தை இழுத்து, வாடகையை ஏற்றி, குடியிருந்தவர்களைத் துரத்தின, அவற்றை ரசிப்பது அந்தத் துரத்தலுக்குக் கைதட்டுவது என்பார்கள். ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் குற்றத்தின் பெரும்பங்கு வேறிடத்தில் கிடக்கிறது. 1966-இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய நகரின் கடைவீடுகளில் எளிய குடும்பங்களையும் சிறு தொழில்களையும் தாங்கிக்கொண்டிருந்தது. 2000 தொடக்கத்தில் அந்தக் காப்பு நீங்கியதும் ஏராளமானோர் வெளியேறினார்கள். யுனெஸ்கோ அங்கீகாரம் 2008-இல், ஓவியங்கள் 2012-இல். வீடுகள் காலியாகத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் தூரிகை வந்திருக்கிறது. காபிக்கடைகளும் விடுதிகளும் பெருகியதில் ஓவியங்களுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் குழந்தைகள் விளையாடுவது குறைந்துபோன தெருக்களில் விளையாடும் குழந்தைகளாகவே வரையப்பட்டிருப்பதைக் கவனித்தால், அந்தச் சைக்கிள் படம் அத்தனை இனிப்பானதாகத் தெரியாது. இது ஓவியர் எண்ணிச் செய்ததா என்பது எனக்கு முக்கியமில்லை, சுவர் அப்படித்தான் வாசிக்கக் கிடைக்கிறது.

வெளிநாட்டுக்காரர் வரைந்தது எப்படி இந்த ஊர்க் கலையாகும் என்ற இரண்டாவது ஆட்சேபம் எனக்கு அவ்வளவு வலுவாகப் படவில்லை. நூடுல்ஸ் தென்சீனத்திலிருந்து வந்தது, குழம்பு சோழமண்டலக் கரையிலிருந்து வந்தது. மீ கோரெங் மாமாக் என்ற பண்டத்தில் சீன மஞ்சள் நூடுல்ஸைத் தமிழ் முஸ்லிம் சமையற்காரர் மிளகாய் விழுதில் புரட்டுகிறார். இந்த ஊரில் வந்தேறாதது எதுவுமில்லை. கேட்க வேண்டியது வேறு: வந்தவர் இந்தத் தெருவைப் பார்த்தாரா? சக்காரெவிச் பார்த்திருக்கிறார். மலேசியாவின் இன்னொரு நகரமான ஜொகூர் பாருவில் 2013-இல் அவர் வரைந்த லெகோ பொம்மைத் திருடனை அந்த நகராட்சி வெள்ளையடித்து மறைத்தது, அந்த ஊரின் குற்றங்களை அவர் கவனித்துவிட்டார் என்பதற்காக. மாறாக, பினாங்கில் அவரைத் தொடர்ந்து கடைக்காரர்கள் வரையவைத்த பல படங்கள் எந்த ஊர்ச் சுவரிலும் ஒட்டும். வழிகாட்டி அவற்றை வேகமாகக் கடந்துபோனால் அவருக்கு நன்றி சொல்லுங்கள்.

இதே கேள்வி அடுப்புக்கும் பொருந்தும். பினாங்கின் பெயர்பெற்ற தெருப்பண்டங்களை வெளிநாட்டுச் சமையற்காரர்கள் சமைக்கக்கூடாது என்று மாநில அரசு 2014-இல் அறிவித்து, 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. ருசி திரிந்துவிடும் என்ற அச்சம் புரிகிறது. ஆனால் கடல் கடந்து வந்த ஆட்களின் கைகளில் உருவான சாப்பாட்டைக் கடவுச்சீட்டைக் கொண்டு காப்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. சட்டியின் சூட்டைக் கைக்குக் கொண்டுவரப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளை யார் செலவழித்தார் என்று பார்ப்பது பயனுள்ளது. அழிவதிலும் ஓவியத்துக்கும் பண்டத்துக்கும் வேறுபாடு உண்டு. மரக்கால்கள்மேல் நிற்கும் சியூ குடியிருப்பில் சக்காரெவிச் வரைந்த படகுக் குழந்தைகள் கடற்காற்றில் மங்கிப்போனார்கள். மங்கட்டும் என்று விடுவதே தெருக்கலைக்கு மரியாதை. ஓவியம் ஒரு தடவை செய்து மங்குவது, பண்டம் தினமும் செய்து தீர்வது. ஒரு கடைக்காரர் ஓய்வுபெற்று வாரிசில்லாமல் போனால்தான் நிஜமாக ஒன்று அழிகிறது, அதற்குத் திருவிழா எதுவும் எடுப்பதில்லை.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்மேனியன் தெருவை வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், கூட்டமும் அப்போது குறைவு. கடைகளின் கடிகாரமோ வேறு. பரோட்டா போன்ற ரொட்டி சானாயும், ஆற்றி ஊற்றும் தேநீரான தே தாரிக்கும் காலைக்குரியவை, செண்டோல் பிற்பகல் வெயிலுக்கு, வறுவல்கள் இரவுக்கு. எல்லாவற்றையும் ஒரே காலையில் தருகிறேன் என்கிற நடைப்பயணம் ஆறிப்போனதைத் தரும். சைவ உணவுக்காரர்கள் தயங்க வேண்டாம், ஆனால் கேட்டுவிட்டு உண்ணுங்கள். சார் குவே தியோவில் பன்றிக்கொழுப்பு சேர்வது வழக்கம், அசாம் லக்சா மீன்சாறு, மேலே ஊற்றும் கறுப்புக் கூழ் இறாலில் செய்தது. நாசி கண்டார் கடையில் மாட்டிறைச்சிக் குழம்பின் கரண்டி பக்கத்துப் பாத்திரத்துக்கும் போகும். தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் பச்சை அரிசிமாவுத் துணுக்குகளும் சேர்ந்த செண்டோல், குவீன் தெருப் பக்கத்துத் தோசை, ஊரெங்கும் ‘அப்போம்’ என்று விற்கும் நம் ஆப்பம் ஆகியவற்றை வைத்தே ஒரு முழு நடையை அமைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வழிகாட்டி எதற்கு, ஓவியங்களுக்குத்தான் வரைபடம் கிடைக்கிறதே என்பார்கள். ஓவியங்களுக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. எந்தக் கடை இன்று மூடியிருக்கிறது, கரி அடுப்பை விட்டு வாயுவுக்கு மாறியவர் யார், இந்தச் சந்தில் முன்பு என்ன தொழில் நடந்தது என்பவை வரைபடத்தில் இருக்காது. பணம் கட்டுமுன் நடத்துபவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: கடைகளில் உட்கார்ந்து சாப்பிட நேரம் உண்டா, அல்லது தட்டை நின்றபடி பகிர்ந்துவிட்டு நகர்வதா? கடைக்காரர்களோடு அவர்கள் மொழியில் உங்களால் பேச முடியுமா? எத்தனை ஓவியங்கள் காட்டுவோம் என்ற எண்ணிக்கையோடு பதிலைத் தொடங்குகிறவரை விட்டுவிடலாம். சூலியா தெருவில் தமிழிலேயே விலை கேட்டுக்கொள்ள உங்களால் முடியும், ஹொக்கியன் பேசும் கிம்பர்லி தெருவுக்கு மட்டும் ஆள் வைத்துக்கொள்ளுங்கள்.