உருகும் பனியும் பட்டினிப் பாசியும்

வடதுருவக் கடலில் பனி உருகினால் வெயில் உட்புகும், மிதவைப் பாசி செழிக்கும், மீன் பெருகும் என்று பலர் எழுதுகின்றனர். இது பாதி உண்மையே. பாசிக்கு ஒளியுடன் ஆழ்நீரிலுள்ள நைட்ரேட் சத்தும் வேண்டும். உருகிய நன்னீரோ அடர்த்தி குறைந்தது. உவர்நீரின்மேல் மூடிபோல் மிதந்து, அச்சத்து மேலே வராமல் தடுக்கிறது.

நம் வங்கக் கடலும் இதற்குச் சான்று. குருவிநத்தத்தை ஒட்டி ஓடும் தென்பெண்ணை முதல் கங்கை வரை பல ஆறுகளின் நன்னீர் மேலே பரவுகிறது. அரபிக் கடலைவிட இங்குப் பாசி குறைந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2014-இல் நார்வேயின் சுவால்பார்டு தீவுகளில், காங்ஸ்பியார்டன் குடாவில் இந்திய விஞ்ஞானிகள் நிறுத்திய ‘இண்டார்க்’ கருவிகள் வெப்பத்தோடு உப்பையும் ஏன் அளந்தன என்பது இப்போது விளங்கும். எரு இல்லாத வயலில் வெயில் மட்டும் விளைச்சல் தந்துவிடுமா?